இருமல் பொத்தான்

எனக்குத் தந்த காகிதத்தில்
அவர் பேசப்போவது முழுக்க
ஏற்கெனவே பிரெஞ்சில் இருந்தது.
'பவளப்பாறையின் காவல்தாய்' என்று தொடக்கம்.
கடைசி வரியில் ஆச்சரியக்குறி.

ஜெனீவா, நவம்பர்.
கண்ணாடிக் கூண்டில் நான்,
ஒரு குவளைத் தண்ணீர்,
இருமல் வந்தால் அழுத்தச் சிவப்புப் பொத்தான்.

மேடையில் ஸாஃபிசுவா.
மடகாஸ்கரின் தென்மேற்குக் கரை, அம்பாதுமேனா.
இரவல் கோட்டு, தோள் இரண்டளவு பெரிது.
கம்பளத்தில் காலை வைக்கும்போதும்
முள்ளெலும்பு கிடக்குமோ என்று
பார்த்துப் பார்த்து வைத்தார்.

நானும் அந்தத் தீவுதான். மலைநாடு.
வயல் தெரியும், பனி தெரியும், கடல் தெரியாது.
நேற்று ஒத்திகையில் கேட்டேன்,
கடல் வற்றுவதை உங்கள் பக்கம் எப்படிச் சொல்வீர்கள்?
'எந்த வற்றல்?' என்றார்.
ஒன்பது சொல் சொன்னார்.
என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

முதலில் படம் ஓடியது.
ட்ரோன், நீலம், வயலின்.
தனி ஒரு பெண் கடலை மூடினாள் என்றது ஒரு குரல்.
தனி ஒரு பெண் திரையைப் பார்க்கவே இல்லை.
காகிதத்தை நான்காய் மடித்து
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

'கணவாயும் சாக்குக்கணவாயும் பெருக்கட்டும் என்று
மூன்று மாதம் பாறையைப் பூட்டினோம்.
பூட்டு என்றால், கம்பில் கட்டிய ஒரு துணி.
அந்த மூன்று மாதம்
அடுப்பைப் பாதியாக்கியவர்கள் அறுபத்தோரு பேர்.
சொல்கிறேன்.'

முதல் பெயர் லம்பு.
லம்பு என்றால் காட்டுப்பன்றி.
முன்னே பிறந்த மூன்றும் தக்கவில்லை,
இதையாவது சாவு அருவருத்து விட்டுவிடட்டும் என்று
வைத்த பெயர்.
இதைச் சொல்லவா?
பெயர்தானே என்று விட்டுவிடவா?
நான் யோசிப்பதற்குள்
ஆறு பெயர் போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டேன்.
நானூறு காதுகளில் வெறும் காற்று.
முன்வரிசையில் ஒரு அமைச்சர்
கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.
ஒலிப்பதிவுப் பையன் ஓடிவந்து
கூண்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான்.
பழுதில்லை என்று கைகாட்டினேன்.

த்சிவேரி என்ற பெயருக்கு மட்டும் அவர் நின்றார்.
'இவன் ராத்திரி திருடிப் பிடித்தான்.
மாட்டிக்கொண்டான்.
அபராதம் ஒரு ஆடு.
மறுநாளிலிருந்து காவல் இருந்தவனும் இவன்தான்.
இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'
இதை மொழிபெயர்த்தேன்.
அவையில் சிரித்தார்கள்.
சிரிப்பதற்குச் சொல்லவில்லை என்று
சேர்த்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு
கூண்டுக்குள் மட்டும் சொன்னேன்.

மேசை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி,
இருபத்து மூன்றாவது பெயரில் இசை எழுந்தது.
எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
இருபத்து நான்காவது ஆள்
கைதட்டலுக்கு அடியில் போனார்.
யாரென்று எனக்கும் கேட்கவில்லை.

ஒன்பது மணியோடு என் சம்பளம் முடிந்தது.
கோட்டு எடுக்கப் போனேன்.
அங்கே முகப்புப் பலகையில்
மறந்துவிட்டுப் போன குடைகளோடு குடையாக
கண்ணாடி விருது.
அதன் பக்கத்தில் முழங்கையை ஊன்றி
அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார்.
கோட்டு மாட்டுகிறவர் கொசோவோக்காரர், பெயர் பெஸ்னிக்.
ஒரு சொல்லும் புரியவில்லை,
தலையசைத்துக்கொண்டே இருந்தார்.
என்ன சொல்கிறார், என்று கேட்டார் என்னிடம்.
பெயர்கள், என்றேன்.
முடிந்துவிட்டதா?
இன்னும் பதினொன்று.
தன் நாற்காலியைப் பலகைக்கு மேலாகத் தூக்கி
இந்தப் பக்கம் வைத்தார்.

வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.
எனக்குப் பின்னால் அந்த அமைச்சர்,
கையில் எண் வில்லை.
'மன்னிக்கவும், நடுவில் என் கருவி
வேலை செய்யவில்லை போல' என்றார்.

செய்தது ஐயா, என்றேன்.
முதல் பெயர் லம்பு.
லம்பு என்றால்